எழுத்தும் இணைப்பும்

யாதானும் ஒரு பொருள் பற்றி எழுதுக என மலர்க் குழுவினர் பணித்தனர். தமிழாசிரியன் ஆதலின் எழுத்தைப் பற்றியே எழுதுகின்றேன். ஆயின் ஏட்டெழுத்தன்று, கணினியுள் நிற்கும் எழுத்து.

வணிக நிலையங்கள் தம் பேரேடுகளைக் காக்கும் நடுத்தரக் கணினிகளுட் புகழ்பெற்றது, ஐ.பி.எம். நிறுவனம் 1988 இல் வெளியிட்ட ஏ.எஸ். 400. தரவுத்தளம் அதனுள்ளேயே அமைந்தது; பின்னர் டி.பி.2 எனப் பெயர் பெற்றது. அதன் வழித்தோன்றல் இன்றும் ஐ.பி.எம். ஐ என்னும் பெயரோடு வாழ்கின்றது. வலைப்பக்கங்களை ஆக்கும் பி.எச்.பி. மொழியோ 1995 இல் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் என்பவரால் வெளியிடப்பட்டது. 2006 இல் ஐ.பி.எம்., செண்ட் ஆகிய நிறுவனங்களின் கூட்டுமுயற்சியால் இவ்விரண்டையும் இணைக்கும் வழி அகன்றது.

இத்தொழில் புரியும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற விடுமுறையிற் கல்முனைக்கு வந்திருந்தார். "இணைப்பதற்கு ஒரு கட்டளை போதும், சேர், எழுத்துத்தான் வழிமறிக்கின்றது" என்றார். கேட்டபோது வியந்தேன், விளக்கம் பெற்றபின் கவன்றேன்.

அக்கணினிகள் எப்சிடிக் என்னும் குறிமுறையில் வளர்ந்தவை. ஆங்கில நெடுங்கணக்கின் முதற் பேரெழுத்துக்கு அங்கே எண் 193; வலையுலகில் 65. இவை தம்முள் மாற்றத்தக்கன. நம் அகரத்துக்கு யுனிகோட்டில் 2949 என்னும் எண் உண்டு. ஆங்கில எப்சிடிக் அட்டவணையின் 256 இடங்களுள் ஓரிடமும் இல்லை. அங்குச் செல்லும் தமிழ்ப் பெயர் பொருளற்ற மாற்றுக்குறியாகிவிடும்; அதினின்று பெயரை மீட்டல் இயலாது. பெயருக்குரிய புலத்துக்கு 1208 என்னும் குறிமுறை எண்ணை வகுத்து, இணைப்பின் இருபுறமும் அதனைக் கைக்கொண்டால் தமிழ் தமிழாகவே நிற்கும்.

அப்பொழுதும் அளவு நோக்கவேண்டும். இக்கரையில் வழங்கும் றமழான் என்னும் பெயரை எடுத்துக்கொள்க. இலக்கணத்தில் எழுத்து நான்கு. யுனிகோட்டிற் குறி ஆறு. 1208 குறிமுறையில் இடமோ 18 பைட்டு. புலத்துக்கு 15 பைட்டே வகுத்திருப்பின் தரவுத்தளம் அப்பெயரை ஏற்க மறுக்கும். பொருந்தட்டும் என்று வெட்டினால் ஈற்றுப் புள்ளி வீழ்ந்து 'றமழான' என நிற்கும். ஆங்கிலத்தில் எழுதினாலென்ன என்பார்க்கு, அங்கே நம் ழகரத்துக்கு எழுத்தில்லை என்பதே விடை.

இது வெறும் எழுத்துப்பற்று அன்று. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையில் பிறப்புச் சான்றும் காணியுறுதியும் இழந்தோர் இக்கரையிற் பலர். தம்மை இன்னார் என நாட்ட அவர்க்கு எஞ்சிய துணை பிற ஏடுகளில் நின்ற பெயரே. ஏட்டுக்கு ஏடு பெயர் வேறுபடின் அத்துணையும் தளரும்.

கணினித் தொழிலிற் சிறந்து விளங்கும் பழைய மாணவர்களே, இணைப்பு முடிந்தது என்று கையொப்பமிடுமுன் ஒரு தமிழ்ப் பெயரை உள்ளிட்டு மீண்டும் எடுத்து வாசித்துப் பாருங்கள். புள்ளி நிற்கின்றதா என நோக்குங்கள். இன்று வகுப்பிலிருக்கும் மாணவர்களும் இதனை நெஞ்சிற் கொள்வாராக.