பக்கத்துக் கட்டிலின் எண்

நவம்பர் 6

அக்கா மகனை மதியம் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. டெங்கு உறுதி. காய்ச்சல் நாலாம் நாள். வயிற்றுவலியும் நிற்காத வாந்தியும் இல்லாவிட்டால் வீட்டிலேயே வைத்துப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். வெள்ளையணு 2,900. பிளேட்லெட் 1,12,000. இரண்டாவது எண் மட்டும் மேலூர், திண்டுக்கல், துபாய் என்று அரை மணி நேரத்தில் குடும்பம் முழுக்கப் போய்விட்டது.

நவம்பர் 7

64,000.

இந்த வார்டில் யாரும் யாரையும் பெயர் கேட்பதில்லை. "உங்க பையனுக்குக் கவுன்ட் எவ்வளவு?" என்றுதான் பேச்சே தொடங்குகிறது. அதிகம் வைத்திருப்பவர் குரலில் லேசான பெருமை.

மேலூர் அத்தை பப்பாளி இலைச்சாறு கொண்டுவந்தாள். ஒரு மடக்கு குடித்தான். காலையில் தின்ற அரை இட்லியும் சேர்ந்து வெளியே வந்தது. வாந்தி எடுக்கிற பையனுக்கு இது எதற்கு என்று சிஸ்டர் சத்தம் போட, அத்தை பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தாளே தவிர கீழே ஊற்றவில்லை.

மைத்துனர் ரத்த வங்கிக்குப் பேசி, பிளேட்லெட் கொடுக்க ஆளையும் தயார் செய்துவிட்டார். டாக்டர் வேண்டாமென்று சொல்லிவிட்டார். எங்கும் ரத்தம் கசியவில்லை, இப்போது ஏற்றத் தேவையில்லை என்கிறார். "காசு கட்டுறோம்னு சொன்னாலும் ஏத்த மாட்டேங்குறாரேடா" என்று அக்கா என்னிடம் எரிந்து விழுந்தாள்.

தூக்கம் வராமல் போனில் தேடிப் படித்தேன். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 பேரை வைத்து ஓர் ஆய்வு. 2017-ல் லான்செட் இதழில் வந்திருக்கிறது. எல்லோரும் பெரியவர்கள், தட்டணு, அதாவது பிளேட்லெட், 20,000 அல்லது அதற்கும் கீழே. பாதிப்பேருக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றினார்கள், மீதிப்பேருக்கு ஏற்றவில்லை. ஏற்றியதால் ரத்தக்கசிவு குறைந்துவிடவில்லை; பக்கவிளைவுகள்தான் கூடுதல். அக்காவிடம் சொன்னேன். "சிங்கப்பூர்க்காரன் உடம்பு வேற" என்றாள்.

நவம்பர் 8

விடியற்காலை காய்ச்சல் விட்டது. அக்கா மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைத்தாள். டாக்டர் வந்ததும் ஆசையாகச் சொன்னோம். "விட்டுருச்சா? அப்ப இன்னைக்கும் நாளைக்கும்தான் ரொம்பக் கவனமா இருக்கணும்" என்றார். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கச் சொன்னார்.

ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 31,000. அவர் விரல் அதில் நிற்காமல் வேறொரு வரிக்குப் போனது: பி.சி.வி. 48. சேர்த்த அன்று 41. "இவனோட நார்மல் எவ்வளவுன்னு தெரியுமா?" யாருக்குத் தெரியும்? காலேஜ் ரத்ததான முகாமில் பார்த்த ஹீமோகுளோபின் அளவு போனில் இருப்பதாக அவனே முனகினான். 13.4. டாக்டர் அதை மூன்றால் பெருக்கி, "40. அப்ப ஏறித்தான் இருக்கு" என்று சொல்லி, சலைன் ஏறும் வேகத்தைக் கூட்டச் சொன்னார்.

லேப் பெண்ணிடம் கேட்டேன். ஊதாமூடிக் குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்திக்கொண்டே சொன்னாள்: "ரத்தத்துல சிவப்பணு எத்தனை பங்குன்னு காட்டுறது சார் பி.சி.வி. ரத்தக்குழாய்ச் சுவர் வழியா நீர் கசிஞ்சு வெளிய போயிட்டா மிச்சம் இருக்குறது கெட்டியாகும். தண்ணி வத்துன குழம்பு மாதிரி." பிளேட்லெட்டை மெஷின் அதன் பருமனை வைத்துத்தான் எண்ணுமாம். உடைந்த சிவப்பணுத் துணுக்கைச் சேர்த்து எண்ணிவிடும். கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்ட தட்டணுக்களை விட்டுவிடும். ரொம்பக் குறைந்தால் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் இவளே எண்ணி, சராசரியைப் பதினைந்தாயிரத்தால் பெருக்கிப் பார்ப்பாள். நாங்கள் ஊர் ஊராகப் போன் போட்டுச் சொன்ன எண்ணுக்குப் பின்னால் இவ்வளவு ஏற்ற இறக்கம்.

மாலை பக்கத்துக் கட்டில். உசிலம்பட்டி ஆட்டோக்காரர், நாற்பது வயதிருக்கும். கவுன்ட் 82,000. நேற்றே காய்ச்சல் விட்டதால் வீட்டுக்குப் போகிறேன் என்று நின்றவர். எங்கள் பையனைப் பார்த்து, "தம்பி, சீக்கிரம் என்னை எட்டிப் பிடி" என்று காலையில் சிரித்தார். சிஸ்டர் பிரஷர் பார்த்தாள்: மேலே 100, கீழே 84. நல்லாத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். அவளோ அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடினாள். கை சில்லிட்டிருந்தது. இரண்டு எண்ணும் அப்படி நெருங்கி வரக் கூடாதாம். பி.சி.வி. 52. பத்து நிமிடத்தில் ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வார்டில் அன்றைக்கு அவருக்குத்தான் அதிகக் கவுன்ட்.

நவம்பர் 9

பி.சி.வி. 43. சலைனைக் குறைத்துவிட்டார்கள். சிறுநீர் தாராளமாகப் போகிறது. இத்தனை ஆர்வமாக நான் யாருடைய சிறுநீரையும் அளந்ததில்லை.

நவம்பர் 10

19,000. அக்கா அழுதே விட்டாள். பையனோ உள்ளங்கை அரிக்கிறது என்று சொறிந்துகொண்டே மூன்று இட்லி தின்று, தொட்டுக்கொள்ள ஏன் காரச்சட்னி இல்லை என்று சண்டை பிடிக்கிறான். பி.சி.வி. 41. உள்ளே ரத்தம் கசிந்தாலும் அது இறங்கும் என்பதால் மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டு, நாடி பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்தார் டாக்டர். "தேறிட்டான்மா. இந்த அரிப்பே நல்ல சகுனம்" என்றார். சகுனம் என்று டாக்டர் வாயால் வந்தது அக்காவுக்குப் போதுமானதாக இருந்தது.

பாங்காக்கில் சுசித்ரா நிம்மானித்யா என்ற குழந்தை மருத்துவர் கட்டில் கட்டிலாகப் பார்த்து எழுதி வைத்ததைக் கொண்டுதான் 1975-ல் உலக சுகாதார நிறுவனம் டெங்குவுக்கு அளவுகோல் வகுத்தது. அதில் தட்டணு குறைவதும் உண்டு, பி.சி.வி. ஐந்தில் ஒரு பங்கு ஏறுவதும் உண்டு. இரண்டாவது மட்டும் எங்கள் தெருவரைக்கும் வந்து சேரவில்லை.

நவம்பர் 13

வீட்டுக்கு வந்தாயிற்று. 74,000.

கிளம்பும்போது ஐ.சி.யூ. வாசலில் ஆட்டோக்காரரின் மனைவியைக் காணவில்லை. சிஸ்டரிடம் கேட்கலாம் என்று போய், பில் கவுன்டர் எங்கே என்று கேட்டுவிட்டு வந்தேன்.

2021 மே மாதம் இதே குடும்ப வாட்ஸ்அப்பில் வேறோர் எண் ஓடிக்கொண்டிருந்தது. கொரோனாவுக்கு நியூட்ரோஃபிலை லிம்போசைட்டால் வகுத்தால் வருவது. கூடினால் ஆபத்து என்றார்கள். ஆயிரம் நோயாளிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது உண்மைதான். பெரியப்பாவுக்கு 4 என்று வந்ததும் நிம்மதியாகத் தூங்கினோம். அதற்கு மேல் அதை எழுதப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 4

காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. சேர்க்கும்போது தட்டணு ஒரு லட்சத்துக்கு மேல் இருந்ததே, உள்நோயாளியாகச் சேர்க்க என்ன அவசியம்? வயிற்றுவலி, வாந்தி, 41-லிருந்து 48-க்கு ஏறிய பி.சி.வி. என்று ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதி அனுப்பியிருந்தேன். இன்று ஒரு பெண் போன் செய்தாள்.

"சார், இருக்குறதுலயே குறைஞ்ச பிளேட்லெட் எவ்வளவு சார்?"

"19,000. ஆனா அன்னைக்கு அவன் தேறிட்டாம்மா."

"அதை முதல்லயே எழுதியிருக்கலாமே சார். திரும்ப அப்ளை பண்ணுங்க."

பி.சி.வி.யை எங்கே எழுதுவது என்று கேட்டேன். படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லையாம்.