சாமி... தண்ணி வரலை சாமி!

பழநிக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு உள்ளங்காலில் கொப்புளம் வரும். எனக்கு உள்ளங்கையில் வரும். உபயம்: பைப் ரிஞ்ச்.

மதுரையிலிருந்து பழநி சுமார் 120 கிலோமீட்டர். சமயநல்லூர், வாடிப்பட்டி, கொடைரோடு, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று நாலு நாள் நடை. தைப்பூசத்துக்கு எங்கள் தெருவிலிருந்து அறுபது பேர் கிளம்புவோம். கூடவே ஒரு மினி லாரி. அதில் அண்டா, அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, நடுநாயகமாக 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க். அதிலிருந்து பைப் இழுத்து, லாரியின் பக்கவாட்டில் நாலு குழாய்.

ஆபீசில் நான் அக்கவுன்ட்ஸ். ஆனால் என் அப்பா பைப் ஃபிட்டராக இருந்தவர் என்கிற ஒரே தகுதியில் என்னைத் 'தண்ணி கமிட்டி'க்கு ஆயுள் தலைவராக்கி விட்டார்கள். டாக்டர் மகன் என்பதற்காக யாராவது அவனிடம் ஊசி போட்டுக் கொள்வார்களா? பைப் விஷயத்தில் மட்டும் ஜனங்களுக்கு அபார நம்பிக்கை!

இதில் ஒரு கூடுதல் சங்கடம். மாலை போட்டவன் கெட்ட வார்த்தை பேசக்கூடாது. ரிஞ்ச் வழுக்கி விரல் நசுங்கும்போது, உலகத்தில் எந்த பிளம்பரும் சொல்லக்கூடியதைச் சொல்ல முடியாமல் "முருகா!" என்று மட்டும் அலறுவேன். பார்ப்பவர்கள் பக்தி முற்றி விட்டது என்று கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

2019-ல் நடந்தது இது. வாடிப்பட்டியைத் தாண்டியிருந்தோம். காலை பதினொரு மணி. தை மாசம்தான், ஆனாலும் வெறுங்காலுக்குத் தார் ரோடு சுட ஆரம்பித்து விட்டது. அப்போது பின்னாலிருந்து குரல்:

"சாமி... தண்ணி வரலை சாமி!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். நாலு குழாயும் நூல் மாதிரி ஒழுகி, அப்புறம் அதுவும் நின்றது. காலையில்தான் ஒரு தென்னந்தோப்பு பம்ப்செட்டில் நிரப்பியிருந்தோம். டேங்கைத் தட்டினால் 'திம்' என்கிறது. தண்ணீர் இருக்கிறது, வர மாட்டேன் என்கிறது.

அறுபது பேரும் இன்ஜினீயர்களானார்கள். "அடைப்பு சாமி, குச்சிய விட்டுக் குத்துங்க." "அங்கிட்டு ஒரு தட்டு தட்டிப் பாருங்க." ஒருத்தர், "மோட்டார்ல ஏதோ கோளாறு" என்றார். லாரியில் மோட்டாரே கிடையாது.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. பேரனுக்காக வேண்டிக்கொண்டு எழுபது வயதில் நடந்து வந்த அப்பத்தா ஒருவர், தலை சுற்றுகிறது என்று புளியமரத்தடியில் உட்கார்ந்து விட்டார். டிரைவர் அண்ணன் தன் பாட்டிலில் மிச்சமிருந்த அரை லிட்டரைக் கொடுத்தார். அது எத்தனை பேருக்குக் காணும்? பக்கத்திலேயே பெரியாறு வாய்க்கால் தண்ணீர் பளபளவென்று ஓடுகிறது. 1895-ல் மலையைக் குடைந்து கொண்டுவந்த தண்ணீரின் வாரிசு. இரண்டு பையன்கள் சொம்போடு இறங்கியே விட்டார்கள். குருசாமி அதட்டி மேலே ஏற்றினார். வயல் வழியாக வருகிற தண்ணீரைக் குடித்து வயிறு போனால், நடையும் போச்சு, ஆளும் போச்சு.

நான் யோசித்தேன். அடைப்பு என்றால் ஒரு குழாய் நிற்கும். நாலும் சேர்ந்தா நிற்கும்? அதுவும் முதலில் ஜோராக வந்து, படிப்படியாக இளைத்து?

தேங்காயில் ஒரு கண்ணை மட்டும் குத்திக் கவிழ்த்துப் பாருங்கள். சொட்டும், நிற்கும், மறுபடி சொட்டும். இன்னொரு கண்ணையும் குத்தினால் மடமடவென்று கொட்டும். தண்ணீர் வெளியே வர வேண்டுமானால் அதன் இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். மேலே ஏறினேன். எதிர்பார்த்த மாதிரியே, டேங்கை வாடகைக்குக் கொடுத்த புண்ணியவான், ரோட்டில் தண்ணீர் அலம்பி வழியக்கூடாது என்று மூடிக்கு அடியில் லாரி டியூப் ரப்பரை வைத்து இறுக்கியிருந்தார். திருகித் தளர்த்தினேன். 'உஸ்ஸ்ஸ்' என்று டேங்க் மூச்சை இழுத்தது. கீழே ஆரவாரம்!

மூன்று குழாய்களில்தான் ஆரவாரம். நாலாவது பிடிவாதமாக மௌனவிரதம் இருந்தது.

அதன் ஓஸ், லாரியின் பக்கப் பலகைக்கு மேலே ஒட்டகத் திமில் மாதிரி ஏறி இறங்கியது. அந்த மேட்டில் காற்று குடியேறி விட்டது. இதை வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். ஆனால் வீட்டில் டேங்க் மொட்டை மாடியில் இருக்கிறது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் இருந்தால்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். லாரி டேங்கில் குழாய்க்கு மேலே இருப்பது ஒரு மீட்டர். அழுத்தம் வெறும் நூறு கிராம். அந்த நோஞ்சான் அழுத்தம் ஒரு காற்றுக்குமிழியைத் தள்ளத் திணறுகிறது. குழாயில் வாயை வைத்து மூச்சுப் பிடித்து ஊதினேன். டேங்குக்குள் 'கொடகொட'. வாயை எடுத்ததும் முகத்திலேயே அபிஷேகம். அப்புறம் பலகையில் ஓட்டை போட்டு, ஓஸை ஒரே சரிவாக இறக்கி விட்டோம்.

அப்பத்தா இரண்டு சொம்பு தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் படுத்திருந்து எழுந்தார். "எனக்கு ஒண்ணுமில்லப்பா, மத்தவுகளப் பாரு" என்றார். மாலை வரை லாரியில்தான் வரவேண்டும் என்று குருசாமி உத்தரவு போட்டார். அப்பத்தா ஏறினார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

கொடைரோட்டில் அடுத்த பிரச்னை: அரிசி மூட்டை நனைந்திருந்தது. கசிவைக் கண்டுபிடிக்க அப்பா சொல்லித் தந்த வழி, எல்லாவற்றையும் துணியால் துடைத்துப் பழைய பேப்பரைச் சுற்றிவிட்டுச் சும்மா உட்காருவது. தண்ணீர் கீழே ஓடும் ஜாதி. சொட்டுகிற இடத்தில் குற்றவாளி இருக்க மாட்டான். ஈரத்தின் உச்சியில் இருப்பான். டேங்க் நிப்பிளில் இருந்தான். விறைப்பான பி.வி.சி. பைப்பை நேராக அதில் முடுக்கியிருந்தார்கள். லாரி குலுங்கக் குலுங்க மரை தளர்ந்து விட்டது. டெஃப்லான் டேப்பை மரை முடுக்கும் திசையிலேயே சுற்றி (எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போது உரிந்து வந்து விடும்), நடுவில் ஒரு முழம் ரப்பர் ஓஸ் கொடுத்துக் கிளிப் போட்டேன். இனி ஆட்டத்தை ரப்பர் வாங்கிக் கொள்ளும்.

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். அந்த வண்டிகளிலும் டேங்க், பைப், பன்னிரண்டு வோல்ட் மோட்டார் எல்லாம் உண்டு. கசிவும் காற்றும்கூட உண்டு. குளிர்காலத்தில் பைப்பில் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் இருக்க முன்கூட்டியே வடித்து விடுவார்களாம். வாடிப்பட்டிக்காரருக்கு அந்தக் கவலையை மட்டும் முருகன் கொடுக்கவில்லை.

எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது திண்டுக்கல்லுக்கு முன்னால் டிரைவர் அண்ணன் சொன்னதுதான். "தம்பி, பிரேக்கடிச்சா பின்னாடி இருந்து யாரோ தள்ளுறாப்ல இருக்கு." டேங்கில் அப்போது பாதித் தண்ணீர், அரை டன். டேங்க் முழுசாக நிரம்பியிருந்தால் அது ஆடாது. பாதியாக இருந்தால், வண்டி நின்ற பிறகும் தண்ணீர் நிற்காது. டேங்கர் லாரிகளுக்குள் இதற்காகவே தடுப்புத் தகடு வைக்கிறார்கள். எங்கள் டேங்கில் ஏது தகடு? லாரிக்கு முன்னாலோ அறுபது ஜீவன்கள், அரோகரா சொல்லிக்கொண்டு. வண்டியை ஜனங்களுக்கு முன்னால் போகச் சொல்லி, இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தரம் நிறுத்திக் காத்திருக்க வைத்தோம்.

மறு வருஷத்திலிருந்து 500 லிட்டரில் இரண்டு டேங்க். ஒன்றைக் காலி செய்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு மூடியிலும் கைத்தடி மாதிரி வளைந்த அரை இஞ்ச் காற்றுக்குழாய், வாயில் கொசுவலை. என் பையில் டேப், இரண்டு கிளிப், ஒரு முழம் ஓஸ். டேங்கை வாடகைக்குக் கொடுப்பவர் அந்தக் கைத்தடிகளைப் பார்த்து, "இது எதுக்கு சார், தண்ணி சிந்துமே?" என்றார்.

ஒரு தேங்காய் வாங்கி வரச் சொன்னேன்.