இசைத்தட்டா, டிஜிட்டல் இசையா?

வீட்டிற்கு ஓர் இசைக்கருவி வாங்குவதெல்லாம் அமர்ந்து ஆலோசிக்க வேண்டிய பெரிய காரியமா என்று சிலர் வினவக்கூடும். அரிசியும் பருப்பும் போன்ற அவசியப் பொருளன்று அது, உண்மையே. எனினும், நடுக்கூடத்தில் வைக்கப்படும் எந்தப் பொருளும் அவ்வீட்டாரின் மாலைப் பொழுதுகளைத் தன் போக்கில் இழுத்துச் செல்லும் இயல்புடையது. ஆதலின் வாங்குமுன் சற்றே எண்ணிப் பார்ப்பது வீண்வேலையாகாது.

சென்ற ஆண்டில் எங்கள் இல்லத்தில் இவ்வினா எழுந்தது. நல்ல ஸ்டீரியோ ஒலிபெருக்கிகள் இரண்டு வாங்குவதென முடிவாயிற்று. அவற்றில் எதனை இணைப்பது என்பதில்தான் பிள்ளைகளிடையே வழக்கு. “எல்லாப் பாட்டும் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன, அப்பா. பரணில் இருக்கும் தாத்தாவின் தட்டுகளை இனியும் ஏன் காக்க வேண்டும்? கொடுத்துவிடலாமே” என்றான் மகன். மகளோ, “தட்டில் கேட்பதே உண்மையான இசை, ஒரு ரிக்கார்டு பிளேயரும் புதிய தட்டுகளும் வாங்குவோம்” என்றாள். எண்பத்தாறு வயதான என் தாயார் ஒன்றும் கூறாது இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீர்ப்பு என் பொறுப்பாயிற்று. தீர்ப்புக் கூறுமுன் இரு தரப்பின் இயல்பையும் அறிந்துகொள்ள முற்பட்டேன்.

நீண்ட நேரம் ஓடும் வினைல் இசைத்தட்டு 1948ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. நிமிடத்திற்கு முப்பத்து மூன்றேகால் முறைக்குச் சற்று மேலாகச் சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 22 நிமிட இசை அடங்கும். அதன் மேல் செல்லும் வரிப்பள்ளத்தை நீட்டி அளந்தால் கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர் வரும்! ஒலியின் அலைகளே அப்பள்ளத்தின் சுவர்களில் வளைவுகளாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவ்வளைவுகளில் ஊசி அசைந்து செல்ல, அவ்வசைவு மெல்லிய மின்னோட்டமாகிறது. வியப்பிற்குரிய ஏற்பாடே. ஆயினும் குறைகளும் உண்டு. தட்டின் விளிம்பில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் ஊசியின் கீழ் ஓடும் பள்ளம், நடுவை நெருங்குகையில் 20 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. குறைந்த நீளத்தில் அதே இசையை நெருக்கிச் செதுக்குவதால் கடைசிப் பாட்டின் தெளிவு குன்றுகிறது. தூசி படிந்தால் பொரிபொரிக்கும். இசைக்கும்தோறும் சிறிதளவேனும் தேயும்.

டிஜிட்டல் முறையோ ஒலியை எண்களாக மாற்றுகிறது. 1982இல் வெளிவந்த குறுந்தகட்டில், ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலி அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. மனிதச் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேட்பதில்லை. அதனினும் இருமடங்குக்கு மேல் அளந்தால் அவ்வலையைப் பழுதின்றித் திரும்பப் பெறலாம் என்பது நிறுவப்பட்ட கணிதம். அளவுகளுக்கிடையே இசை விட்டுப்போகிறது என்று கருதுவோர் பலர். அது தவறான எண்ணம். கருவியிலிருந்து வெளிவரும் அலை இடையறாத அலையே. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே குறுந்தகடு ஏறக்குறைய 96 டெசிபல் இடம் தருகிறது. இசைத்தட்டு 70ஐத் தாண்டுவது அரிது. ஆகவே, உள்ளதை உள்ளவாறே ஒலிப்பதில் வெற்றி டிஜிட்டலுக்கே என்று மகளிடம் கூறினேன். மேலும், 1980களுக்குப் பின் பதிவான இசையில் பெரும்பகுதி டிஜிட்டலிலேயே பதிவானது. அதைத் தட்டில் அச்சிட்டு வாங்குவதால் ஒலியில் புதிதாக ஒன்றும் சேர்ந்துவிடாது.

ஆயின், டிஜிட்டல் என்ற பெயருடைய அனைத்தும் ஒரே தரத்தின அல்ல. எம்பி3 முறையில், செவி கவனிக்காது என்று கணிக்கப்படும் பகுதிகள் நீக்கப்படுகின்றன. 128 கிலோபிட் கோப்பு, குறுந்தகட்டின் பதினொன்றில் ஒரு பங்கே. எதையும் நீக்காமல் சுருக்கும் ஃபிளாக் போன்ற முறைகள் இருக்கையில், நல்ல ஒலிபெருக்கிக்கு அரைகுறை இசையை ஊட்டுவானேன்?

அங்ஙனமாயின், உலகம் ஏன் மீண்டும் தட்டுகளை நாடுகிறது? அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில், 1987க்குப் பின் முதன்முறையாக, குறுந்தகடுகளைக் காட்டிலும் வினைல் தட்டுகள் எண்ணிக்கையில் மிகுதியாக விற்றன. இதனை வெறும் மோகம் என்று தள்ளிவிட இயலாது. பாட்டைத் தாவிச் செல்ல மனம் கூசுகிறது. இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து தட்டைத் திருப்ப வேண்டியிருக்கிறது. எனவே கேட்பவர் உண்மையாகவே கேட்கிறார். அதனினும் பெரிய காரணம் ஒன்றை எங்கள் வீட்டுப் பெட்டியே எனக்குக் காட்டியது.

கொடுப்பதானாலும் உள்ளே இருப்பது இன்னதென்று அறிய வேண்டுமல்லவா? பெட்டியை இறக்கி, மகனும் நானும் பட்டியல் எழுதினோம். மொத்தம் நாற்பத்து மூன்று தட்டுகள். அவற்றுள் பெரும்பாலான திரைப்பாடல்கள் இணையத்தில் இருந்தன. பதினொரு தட்டுகளோ எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. அவற்றுள் ஒன்று பழைய அரக்குத் தட்டு, நாடகப் பாட்டு. பெயர்ச்சீட்டின் பாதி கரையானுக்கு இரையாகிவிட்டதால் பாடியவர் பெயர் தெரியவில்லை. அரக்குத் தட்டுக்கு நிமிடத்திற்கு 78 சுழற்சியும், வினைலுக்கு உரியதனினும் பன்மடங்கு அகன்ற ஊசியும் வேண்டும். அவ்விரண்டும் உள்ள பிளேயரை நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்று அதனைச் சுழல விட்டோம்.

இரைச்சலினூடே ஓர் ஆண்குரல் எழுந்தது. சமையலறை வாயிலில் நின்ற என் தாயார் மெல்ல வந்து அமர்ந்தார்கள். “உன் அப்பா எப்போதும் அடுத்த பக்கத்தைத்தான் முதலில் வைப்பார். திருப்பிப் போடு, ராசா” என்றார்கள். மூன்று நிமிடப் பாட்டு முடிந்ததும், அத்தட்டை எந்தச் சந்தையில், எந்த அறுவடைக்குப் பின் வாங்கினார்கள் என்பதையெல்லாம் கூறலானார்கள். அதுவரை எங்களில் எவரும் அறியாத செய்தி அது. கொடுத்துவிடலாம் என்ற என் மகன், ஒவ்வொரு தட்டாக எடுத்து, “இது எப்போது வாங்கியது, அப்பாயி?” என்று வினவிக் குறித்துக்கொண்டான்.

வேறொன்றும் எண்ணத்தக்கது. சந்தா செலுத்திக் கேட்கும் இசை வாடகை வீடு போன்றது. பணம் நின்றால் பாட்டும் நிற்கும். உரிமையாளரின் ஒப்பந்தம் முடிந்தால் நாம் கேட்டுப் பழகிய பாட்டே மறைந்துபோகக்கூடும். தட்டும் குறுந்தகடும் நம் சொத்து. பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம்.

ஆகவே எங்கள் தீர்ப்பு இவ்வாறு அமைந்தது. பணத்தின் பெரும்பகுதியை ஒலிபெருக்கிகளுக்கே செலவிட்டோம். இசையின் தரத்தை மிகுதியாக மாற்றுவது அவையே. அன்றாடக் கேள்விக்கு டிஜிட்டல். மிக விரும்பும் இசையைக் குறுந்தகடாகவோ சொந்தக் கோப்பாகவோ வாங்குவது. புதிய வினைல் தட்டுகள் வேண்டாம். ஆனால் 78 சுழற்சியும் உள்ள எளிய ரிக்கார்டு பிளேயர் ஒன்று, தாத்தாவின் தட்டுகளுக்காக. அந்தப் பதினொன்றும் கணினியில் பதிவு செய்யப்பட்டு, உறவினர் இல்லங்களுக்கும் அனுப்பப்பட்டன. மகளுக்குச் சிறிது ஏமாற்றமே. ஆயினும் ஞாயிறு மாலைகளில் தட்டை வைக்கும் உரிமை அவளுடையது.

அன்பு வாசகர்களே, உங்கள் பரணிலும் இத்தகைய பெட்டி இருக்குமாயின், வெயிலின் வெப்பம் தட்டுகளை நெளிக்குமுன், மழைக்கால ஈரம் பூஞ்சணம் படர்த்துமுன், அதனைக் கீழே இறக்குங்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகங்களைப் போல் நிமிர்த்தி வையுங்கள். வேறெங்கும் கிடைக்காதவை எவையெனப் பிரித்தெடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவற்றின் கதையை அறிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே இதனைச் செய்யுங்கள்.