ஆறு மாசம் சும்மா நிக்கப் போற வண்டி

எட்டாவது செமஸ்டர் இன்டர்ன்ஷிப்னு கிளம்பும்போது உங்க வண்டியை ஹாஸ்டல் பார்க்கிங்ல அப்படியே விட்டுட்டுப் போற ஆளா நீங்க? ஒவ்வொரு லீவு முடிஞ்சு வந்ததும் கிக்கரை உதைச்சு உதைச்சு வேர்த்து நிக்கிற கூட்டம் ஒண்ணு அங்க இருக்கும். அதுல நீங்க சேராம இருக்கத்தான் இதை எழுதறேன்.

எங்க ரூம்ல நாலு பேருக்கும் சேர்த்து ஒரே வண்டி. செகண்ட் ஹேண்ட், 150 சிசி, கார்புரேட்டர் வச்ச பழைய மாடல். செகண்ட் இயர்ல ஆளுக்கு 6,500 போட்டு 26,000-க்கு வாங்கினோம். காலேஜுக்கு எடுக்கறதில்லை, ஊர் சுத்த மட்டும்தான். ரெண்டு பேர் வண்டியில போவோம், மத்த ரெண்டு பேர் பஸ்ல வருவாங்க, பாதி வழியில மாத்திக்குவோம். கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவையும் இப்படிப் பங்கு போட்டுத்தான் ஏறினோம்.

டிசம்பர்ல பரீட்சை முடிஞ்சதும் நாலு பேரும் நாலு ஊருக்குப் பிரியணும். எல்லாம் முடிச்சுட்டு ஜூன்ல வால்பாறை போறதா பிளான். நடுவுல ஆறு மாசம். ஒரு ஜூனியர் 20,000-க்கு வண்டியைக் கேட்டான். "வித்துடலாம்டா, ஜூன்ல எவன் வரப்போறான்?"னு எங்கள்ல ஒருத்தன் சொன்னான். அவன் சொன்னதைத் தப்புன்னும் சொல்ல முடியாது. ஜூன் மாசமே வேலைக்குச் சேரணும்னு ஒருத்தனுக்கு மெயில் வந்திருந்தது. ஓட்டு போட்டோம். மூணுக்கு ஒண்ணு. வண்டி நாமக்கல் பக்கத்துல இருக்கிற ரூம்மேட்டோட அப்புச்சி வீட்டுக்குப் போச்சு.

முதல்ல பெட்ரோல். இப்போ பங்க்ல கிடைக்கறது 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்குக் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கற குணம் உண்டு. ஈரம் அளவுக்கு மேல சேர்ந்தா, தண்ணியும் எத்தனாலும் பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு டேங்க் அடியில போய்த் தங்கிடும். இரும்பு டேங்க்ல அப்புறம் என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை. ஒரு மாச லீவுன்னா டேங்க்கை ஃபுல் பண்ணிடுங்க. உள்ள காத்துக்கு இடம் இல்லைன்னா ஈரத்துக்கும் இடம் இல்லை. ஆறு மாசம்னா முழுசா வடிச்சுடறதுதான் என் கட்சி. நாங்க வடிச்சுட்டு, கொஞ்சம் இன்ஜின் ஆயிலை ஊத்தி, டேங்க்கைக் கழட்டிக் குழந்தையை ஆட்டற மாதிரி ஆட்டி உள்பக்கம் பூரா படற விட்டோம். திரும்ப ஓட்டறதுக்கு முன்னாடி பெட்ரோல் விட்டு ஒருமுறை அலசணும். வடிச்ச பெட்ரோல் ரூம்மேட்டோட மாமா வண்டிக்குப் போச்சு; அன்னிக்கு அவரை மாதிரி சந்தோஷப்பட்ட ஆளே இல்லை.

டேங்க் காலி ஆனாலும் கார்புரேட்டர் கிண்ணத்துல கொஞ்சம் தங்கியிருக்கும். அடியில ஒரு ஸ்க்ரூ இருக்கு, அதைத் திறந்து அதையும் வடிச்சுடுங்க. இல்லைன்னா பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி ஒண்ணு மிஞ்சும். பைலட் ஜெட் ஓட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அடைக்க அந்தப் பிசினே போதும். பார்க்கிங்ல கிக்கரை உதைக்கிற கூட்டத்துல பாதிப் பேரோட பிரச்சினை இதுதான்.

மத்ததெல்லாம் சின்ன வேலை. பழைய இன்ஜின் ஆயில்ல அமிலம் சேர்ந்திருக்கும், அதனால நிறுத்தறதுக்கு முன்னாடியே மாத்தினோம். செயினை மண்ணெண்ணெய்ல கழுவி கியர் ஆயில் போட்டோம். சென்டர் ஸ்டாண்ட். எலி புகாம இருக்க சைலன்சர் வாயில துணி. இன்சூரன்ஸ் ஏப்ரல்ல முடியுது, அதுக்கு ஆர்.சி. யார் பேர்ல இருக்கோ அவன் போன்ல அலாரம்.

மாட்டுக் கொட்டகையில நல்ல இடம் இருக்குன்னு காட்டினாங்க. கோமியத்துல இருந்து வர்ற அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிச்சுடும், ஒயரிங் போயிடும். மெதுவா எடுத்துச் சொல்லி வராண்டாவுக்கு மாத்தினோம். தார்ப்பாயும் வேண்டாம்னோம், ஈரம் உள்ளேயே நின்னுடும். அப்புச்சி தன் பழைய வேட்டி ரெண்டைக் கொடுத்தாரு.

அப்புறம்தான் சிக்கல். "வாரத்துக்கு ஒருக்கா நான் ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிசம் ஓட உடறேன் சாமி"ன்னாரு. உங்க வீட்லயும் இதைத்தானே சொல்வாங்க? ஆனா இந்த ரெண்டு நிமிஷம்தான் வண்டிக்கு எதிரி. தெர்மோடைனமிக்ஸ்ல போட்ட எரிதல் சமன்பாட்டை நினைச்சுப் பாருங்க: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வரும். ரெண்டு நிமிஷத்துல இன்ஜின் சூடாகாது, சைலன்சரும் சூடாகாது. அந்த ஆவி அங்கேயே குளிர்ந்து தண்ணியா நிக்கும், துரு பிடிக்கும். செல்ஃப் அடிச்சா பேட்டரியில இருந்து போற கரன்ட்டும் அந்த ரெண்டு நிமிஷத்துல திரும்பி வராது.

"வேண்டாமுங்க அப்புச்சி"ன்னு சொன்னதும் அவர் முகம் வாடிப்போச்சு. டேங்க்லதான் பெட்ரோலே இல்லையே, அவர் நினைச்சாலும் ஸ்டார்ட் ஆகாதுன்னு சொல்லி வாயை அடைச்சிருக்கலாம். மனசு வரலை. வேற வேலை கொடுத்தோம்.

பேட்டரியைக் கழட்டி அவர் கட்டில் பக்கத்துல வச்சோம். கழட்டும்போது நெகட்டிவ் ஒயர்தான் முதல்ல. பாசிட்டிவ்ல ஸ்பேனர் இருக்கும்போது அது சேஸிஸைத் தொட்டா ஷார்ட் ஆகும். லெட் ஆசிட் பேட்டரி சும்மா இருந்தாலும் தானா இறங்கும். இறங்கின நிலையிலேயே விட்டா லெட் சல்ஃபேட் தகட்டுல கெட்டியாகி, அப்புறம் சார்ஜே ஏறாது. நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டணும். 12.4-க்குக் கீழ போனா சார்ஜர்ல போடணும். ப்ராஜெக்ட்ல மிஞ்சின மல்டிமீட்டர் ஒண்ணைக் கொடுத்து, சிவப்பு எங்க, கறுப்பு எங்கன்னு காட்டினோம். மாசத்துக்கு ஒருக்கா பார்த்தா போதும்னு சொல்லிட்டு வந்தோம்.

அவர் ஞாயித்துக்கிழமை தவறாம பார்க்கறாரு. வாட்ஸ்அப் குரூப்ல நாங்க நாலு பேரும் பேசி ரெண்டு வாரம் ஆச்சு. அதுல கடைசியா வந்திருக்கறது பேரன் அனுப்பின அவரோட வாய்ஸ் நோட்தான். "பன்னெண்டு அஞ்சு இருக்குது சாமி. ஜூன்ல எத்தன பேரு வர்றீங்கன்னு சொல்லுங்க, கோழி புடிக்கோணும்."