தோண்டிய குழி ஏரியானது... உழுத நிலம் கடலாகிறது! - இங்கிலாந்தின் நார்ஃபோக் கதை

லண்டனிலிருந்து வடகிழக்கே ரயிலில் சுமார் 2 மணி நேரம் சென்றால் நாரிச் நகரம் வருகிறது. நார்ஃபோக் கவுன்ட்டியின் தலைநகரம் இது. நம் ஊர் மாவட்டம் போன்றதுதான் அங்கே கவுன்ட்டி. வடக்கிலும் கிழக்கிலும் வடகடல். மற்ற பக்கமெல்லாம் கோதுமை, பார்லி, சர்க்கரை பீட் வயல்கள்.

நார்ஃபோக்கில் மலை கிடையாது. மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர்தான். அதனால் எங்கே நின்றாலும் பாதிக் காட்சி வானம். தூரத்தில் ஏதாவது ஒரு தேவாலயக் கோபுரம் நிச்சயம் தெரியும். இடைக்காலத்தில் கட்டிய தேவாலயங்கள் மட்டும் இங்கே 600-க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் பல, ஆட்டு ரோம வியாபாரம் கொடுத்த பணத்தில் எழுந்தவை. ‘வொர்ஸ்டெட்’ என்ற கம்பளித் துணிக்குப் பெயர் கொடுத்ததும் இங்குள்ள ஒரு கிராமம்தான்.

பார்த்தால் எல்லாமே இயற்கையாக அமைந்த அழகு என்றுதான் தோன்றும். ஆனால், இந்த நிலத்தின் பெரும்பகுதி மனித உழைப்பால் உருவானது.

ஏரி அல்ல, குழி!

கிழக்கு நார்ஃபோக்கில் ‘பிராட்ஸ்’ என்ற ஏரிகள் பிரபலம். கோடையில் படகுச் சவாரிக்குக் கூட்டம் அலைமோதும். இவை இயற்கையான ஏரிகள் என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1950-களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியலாளர், ஏரிகளைச் சுற்றித் துளையிட்டு மண்ணை ஆராய்ந்தார். கரைகள் செங்குத்தாக இருந்தன, அடிப்பகுதி தட்டையாக இருந்தது. இயற்கை இப்படி வெட்டாது!

இடைக்கால மக்கள் அடுப்பெரிக்கத் தோண்டிய குழிகள் அவை. அங்கிருந்த மக்கிய சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்தால் விறகுபோல எரியும். தலைமுறை தலைமுறையாக அதை வெட்டினார்கள். பிறகு கடல் மட்டம் உயர்ந்தது. குழிகளில் நீர் புகுந்து நிரம்பியது. தொழில் போனது, ஏரி வந்தது.

அருகிலுள்ள சதுப்பு நிலங்களை மேய்ச்சல் நிலமாக மாற்றியதும் மனிதர்கள்தான். அங்கே நிற்கும் பழைய காற்றாலைகளில் பல, மாவு அரைத்தவை அல்ல. தண்ணீரை இறைத்து வெளியேற்றியவை. இன்று அந்த வேலையை மின் பம்புகள் செய்கின்றன. பம்பு நின்றால் மாடு மேயும் இடம் மறுபடி சதுப்பாகிவிடும்.

டர்னிப் பிரபு

உலக விவசாய வரலாற்றிலும் நார்ஃபோக்குக்கு ஓர் இடம் உண்டு. அந்தக் காலத்தில் மண் களைத்துப்போகாமல் இருக்க, நிலத்தின் ஒரு பகுதியை ஆண்டுதோறும் தரிசாகப் போடுவார்கள். அதற்குப் பதிலாக வந்ததுதான் நார்ஃபோக்கின் நான்கு பயிர் சுழற்சி. முதல் ஆண்டு கோதுமை, அடுத்து டர்னிப் கிழங்கு, பிறகு பார்லி, நான்காவதாகக் குளோவர் என்ற தீவனப் பயிர்.

நம் ஊரில் நெல்லுக்கு முன் தக்கைப்பூண்டு விதைப்பது போல, குளோவர் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்த்தது. டர்னிப் குளிர்காலத்தில் ஆடு மாடுகளுக்குத் தீனியானது. கால்நடை பெருகியது, எரு பெருகியது, விளைச்சலும் பெருகியது. இந்த முறையின் வேர் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் இருக்கிறது. அதை நார்ஃபோக்கில் பிரபலமாக்கியவர்களில் ஒருவர், 1730-ல் அமைச்சர் பதவியை விட்டுவிட்டு ஊர் திரும்பிய சார்லஸ் டவுன்ஷெண்ட். அவருக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் ‘டர்னிப் டவுன்ஷெண்ட்’!

1814-ல் நாரிச் அருகே ஓர் ஆலையில் கடுகு அரைக்கத் தொடங்கினார் ஜெரமையா கோல்மன். அதுவே உலகறிந்த ‘கோல்மன்ஸ்’ ஆனது. 1912-ல் கேன்ட்லி கிராமத்தில் சர்க்கரை பீட் ஆலை வந்தது. இன்றும் குளிர்காலமானால் பீட் ஏற்றிய லாரிகள் சாலையை நிறைக்கின்றன.

கடல் கேட்கும் பங்கு

இப்படி உருவாக்கிய நிலத்தைக் கடல் விட்டுவைக்கவில்லை. 1953 ஜனவரி 31 இரவு வடகடல் பொங்கியது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 307 பேர் இறந்தார்கள். அவர்களில் சுமார் 100 பேர் நார்ஃபோக்கில் இருந்தவர்கள்.

ஹேஸ்பரோ என்ற கடலோரக் கிராமத்தில் ஆபத்து மெதுவாக வருகிறது. அங்குள்ள கரை மணலும் களிமண்ணும்தான். புயலுக்குப் புயல் அது சரிகிறது. வீடுகள் போயின, ஒரு தெருவின் பகுதி போனது, வயல்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகின்றன. கடல் கொண்டுபோன வீட்டுக்கோ நிலத்துக்கோ அரசு இழப்பீடு கிடையாது. ஆபத்தான வீட்டை இடிக்கச் சிறிய உதவித்தொகை மட்டும் உண்டு.

அதே கரையில் சில கி.மீ. தள்ளி இருக்கிறது பேக்டன் எரிவாயு முனையம். அதையும் பக்கத்துக் கிராமங்களையும் காக்க 2019-ல் 18 லட்சம் கன மீட்டர் மணல் கொட்டப்பட்டது. எல்லாக் கரையையும் காக்கப் பணமில்லை என்கிறது அரசுத் தரப்பு. அப்படியென்றால் எதைக் காப்பது, எதை விடுவது? நார்ஃபோக் கரையோர மக்களின் கேள்வி இதுதான்.

2013 மே மாதம் ஹேஸ்பரோ கடற்கரையில் அலை மணலை அரித்தபோது சில காலடித் தடங்கள் வெளிப்பட்டன. 8 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே அதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழைய மனிதத் தடங்கள் அவை. பெரியவர்களும் சிறுவர்களும் சேர்ந்து நடந்த தடங்கள். ஆய்வாளர்கள் அவசர அவசரமாகப் படமெடுத்தார்கள். இரண்டே வாரங்களில் அதே கடல் அவற்றை அழித்துவிட்டது.

மேலே கரையோர வயல்களில் விதைப்பு நிற்கவில்லை. நிலம் சரியச் சரிய, உழவு மட்டும் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளிப் போகிறது.