இரண்டு குமிழ்களின் கணக்கு

திங்கள்
வால்வு ப்ரீஆம்பில் ஒரு வால்யூம் குமிழ். பவர் ஆம்பின் நுழைவாயிலில் இன்னொன்று. முதலில் கணக்கு. சிடி பிளேயர் உச்சத்தில் 2 வோல்ட் தரும். 12ஏயூ7 வால்வு ப்ரீஆம்ப் அதை 10 மடங்கு பெருக்கினால் 20 வோல்ட். 50 வாட் பவர் ஆம்ப் முழுத்திறனை எட்ட 1 வோல்ட் போதுமென்றால், கையிருப்பு தேவையைப்போல் 20 மடங்கு, அதாவது 26 டெசிபல் மிகை. பவர் ஆம்பின் குமிழ் முழுதும் திறந்திருந்தால், ப்ரீஆம்பின் குமிழ் சற்று அசைந்ததுமே வீடு அதிரும்.

செவ்வாய்
குமிழின் தொடக்கப் பகுதி நம்பத்தகாதது. இடம், வலம் இரண்டுக்குமான தடைப்பட்டைகள் அங்கே ஒத்துப்போவதில்லை. பாடகர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார். மயிரிழை திருப்பினாலும் ஒலி தாவுகிறது.

புதன்
இன்று இரைச்சல். பெரும்பாலான ப்ரீஆம்ப்களில் வால்யூம் குமிழ் வால்வுக்கு முன்னால் இருக்கும். அதைக் குறைத்தால் பாட்டு குறையும். வால்வின் 'உஸ்' குறையாது. பவர் ஆம்பின் குமிழோ வால்வுக்குப் பின்னால் இருப்பதால் இரண்டையும் சேர்த்தே தணிக்கும். அதை 14 டெசிபல் இறக்கினால் ப்ரீஆம்பிலிருந்து வரும் இரைச்சலின் மின்னழுத்தம் ஐந்தில் ஒன்றாகும். குறைந்த பாட்டை முதல் குமிழில் ஏற்றிக்கொள்ளலாம்.

வியாழன்
அளவுக்கு மீறி இறக்குவதும் தவறு. 14 டெசிபல் இறக்கினால் முழுத்திறனுக்கு ப்ரீஆம்ப் 5 வோல்ட் தர வேண்டும். 12ஏயூ7-க்கு அது எளிது. 26 டெசிபல் இறக்கினால் 20 வோல்ட் கேட்கும். வால்வில் திரிபு ஏறும். இசைத்தட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 5 மில்லிவோல்ட் தரும் காட்ரிட்ஜை போனோ பகுதி 100 மடங்கு பெருக்கினாலும் 0.5 வோல்ட்தான். ப்ரீஆம்ப் அதை 5 வோல்ட்டாக்கும். ஆகவே 14 டெசிபலே எல்லை. அதற்கும் கீழே போனால் இசைத்தட்டுக்குச் சத்தம் போதாது.

வெள்ளி
பவர் ஆம்பின் குமிழின் தடையும் முக்கியம். ப்ரீஆம்பின் வெளியீட்டில் 0.47 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் இருந்து, எதிரே 10 கிலோஓம் மட்டும் இருந்தால் 34 ஹெர்ட்ஸிலேயே தாழ்சுரம் 3 டெசிபல் குறையும்; 100 கிலோஓமில் அந்த எல்லை 3.4 ஹெர்ட்ஸ். தடை மிகப் பெரிதானால் உச்சசுரம் மங்கும். 500 கிலோஓம் குமிழ் நடுநிலையில் 150 பிகோஃபாரட் மின்தேக்கத்தைச் சந்தித்தால் 8.5 கிலோஹெர்ட்ஸிலேயே இறக்கம் தொடங்கிவிடும். 100 கிலோஓமில் அது 42 கிலோஹெர்ட்ஸுக்கு விலகிப்போகும்.

சனி
வால்வுகள் சூடான பின் இரு குமிழ்களும் கீழே. மிக மெல்லிய ஒலி தரும் இசைத்தட்டு சுழல்கிறது. ப்ரீஆம்பின் குமிழ் இரண்டு மணி நிலைக்கு. பிறகு பவர் ஆம்பின் குமிழ், வேண்டிய உச்சச் சத்தம் வரும்வரை மெல்ல மேலே. அதில் இடம், வலம் தனித்தனியாக இருந்தால் மோனோ பதிவு ஒன்றைப் போட்டு, குரல் நடுவில் நிற்கும்படி சரிசெய்ய வேண்டும். பிறகு அந்தக் குமிழைத் தொடத் தேவையில்லை. அன்றாட வால்யூம் ப்ரீஆம்பின் வேலை.