கவருக்குள் ஒரு கை

ஓசூர் ஜுஜுவாடியில் கார் டீடெய்லிங் கடையில் சேர்ந்த முதல் மாதம் எனக்கு வாட்டர் வாஷ் மட்டும்தான். ஒருநாள் நான் கழுவித் துடைத்து முடித்த வெள்ளைக் கார் முன்னால் கடைக்கார அண்ணன் என்னை நிறுத்தினார். மளிகைக் கடைக் கவர் ஒன்றைக் கொடுத்து, "கையில மாட்டிக்கிட்டு பானெட்டைத் தடவு தம்பி" என்றார்.

தடவினேன். உப்புத்தாள் மேல் கை போவதுபோல இருந்தது. கவரைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் தடவினால் அதே இடம் வழவழவென்று இருக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் பெயிண்டின் மேல் வழுக்கிக்கொண்டு போவதால், விரலுக்கு மேடு மட்டும்தான் தட்டுப்படும். குனிந்து பார்த்தேன். ஊசிமுனை அளவில் செம்மஞ்சள் புள்ளிகள்.

அந்தக் கார்க்காரர் சிப்காட்டில் வேலை பார்க்கிறார். கிரைண்டிங் ஷெட்டை ஒட்டி நாள் முழுக்க வண்டி நிற்கும். சூடாகப் பறந்து வரும் இரும்புத் துகள் பெயிண்டின் மேல்பூச்சான கிளியர் கோட்டில் குத்திக்கொண்டு அங்கேயே துருப்பிடிக்கிறது. 1980-லிருந்து அசோக் லேலண்ட் லாரி செய்யும் ஊர் இது. லேத், கிரைண்டிங் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை. போதாததற்கு 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் அத்திப்பள்ளி வரை ஊர்ந்து போகும் லாரிகளின் பிரேக் தூசி.

"இதை எதால எடுப்ப?" என்று கேட்டார். கிளே என்றேன். தலையை ஆட்டி மறுத்தார்.

முதலில் இரும்பைக் கரைக்கும் மருந்தை அடித்தார். இரண்டு நிமிடத்தில் வெள்ளைக் கதவில் ஊதா நிறம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அழுகிய முட்டை நாற்றம். முடியைச் சுருட்டப் பார்லரில் போடும் தையோகிளைகோலேட் வகைதான் இதுவும். இரும்போடு சேரும்போதுதான் ஊதாவாகிறது. நிறம் எங்கே அதிகம் ஓடுகிறதோ அங்கே நோய் அதிகம். உலரவிடாமல் நன்றாகக் கழுவினோம். தார்ப் புள்ளிகளைத் தார் ரிமூவர் தொட்ட துணியால் ஒற்றி எடுத்தோம். அதற்குப் பிறகும் கவருக்குள் விரல் தடுக்கிய இடங்களுக்கு மட்டும்தான் கிளே.

பெயர்தான் கிளே; வண்டல் மண்ணும் இல்லை, களிமண்ணும் இல்லை. செயற்கைப் பிசினில் மிக நுண்ணிய உரசுபொடி கலந்தது. ஜப்பானில் பிறந்து 1990-களில் உலகெங்கும் பரவிய பொருள். கட்டியாகவும் வரும், ரப்பர் பூச்சுள்ள கையுறையாகவும் வரும். கையுறை வேகமானது, கூரை மாதிரி அகலமான இடத்துக்கு ஏற்றது. கீழே விழுந்தாலும் நன்றாக அலசிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். கட்டி மெதுவானது. ஆனால் கைப்பிடியின் ஓரத்தில், கண்ணாடிக்குக் கீழே விரல் நுனியில் வைத்து உருட்டலாம்; மடித்து மடித்துப் புது முகம் எடுக்கலாம். அழுத்தவே கூடாது. ஷாம்பூ தண்ணீர் தாராளமாக இருக்க வேண்டும். ஓசூர் மார்கழிக் காலையில் கட்டி கல்லாகிவிடும், வெந்நீரில் போட்டுத்தான் பிசைவோம்.

இதில் எனக்கு ஒரு கறுப்புக் கார் பாடம் நடத்தியது. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுக்கும் இடத்திலிருந்து வந்த வண்டி. கையிலிருந்த கட்டி நழுவித் தரையில் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தேன். விளக்கடியில் பார்த்தபோது பானெட்டில் ஒரு முழ நீளத்துக்குக் கோடுகள். கிரானைட் பொடியில் இருக்கும் குவார்ட்ஸ் சாதாரண இரும்பைவிடக் கடினமானது. அது பெயிண்டில் பதியாது, மேலேதான் கிடக்கும். தண்ணீரும் நுரையும் போதும். நான் நுரை போட்டது அவசரத்தில், போதாமல். கட்டியில் ஒட்டிய மணல் ஒரு பக்கம், வண்டியில் மிச்சமிருந்த பொடி ஒரு பக்கம்.

அண்ணன் திட்டவில்லை. கட்டியைக் குப்பையில் போட்டார். பெயிண்ட் அளக்கும் மீட்டரைக் காட்டி, கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான்தான் இருக்கும், தலைமுடியைவிட மெல்லிசு என்றார். அந்தக் கோடுகளை பாலிஷ் போட்டு எடுக்க மாலை ஆனது. அந்தப் பாலிஷும் அதே மெல்லிய தோலைத்தான் கொஞ்சம் தின்றது. அது எனக்கு இன்றைக்கும் மனசில் உறுத்துகிறது. அன்றிலிருந்து கட்டியை நான்காக வெட்டி வைத்துக்கொள்கிறேன். விழுந்தால் கால் பங்கோடு போகும். கறுப்பு வண்டிக்கு மிருதுவான ரகம் தவிர வேறு தொடுவதில்லை.

வெள்ளைக் காரை எடுக்க வந்தவரிடம், ஷெட்டுக்கு எதிர்ப்புறம் நிறுத்தச் சொல்லி அனுப்பினோம். மூன்று மாதம் கழித்து வந்தார். கவரை மாட்டிக்கொண்டு பானெட், கதவு, டிக்கி எல்லாம் தடவினேன். கூரையில் மட்டும் ஏழெட்டு இடத்தில் தட்டியது. மருந்துப் புட்டியை எடுக்கப் போனேன்.